ஜாவா அரிசிக்கு வெண்ணந்தூர்த் துணி

1

நேற்று எங்கள் ஊர்த் துறைமுகக் கிடங்கில் ஒரு விழா நடந்தது. எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன், நீங்கள் சேலம் அம்மாபேட்டை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பிறந்தது அங்கேதான். இப்போது குடியிருப்பது கிழக்கு ஜாவாவின் வடகரையில், புரோபோலிங்கோ என்ற ஊரில். இந்தப் பெயரை நாக்குப் பிசகாமல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர் என் வீட்டுக்கு எப்போது வந்தாலும் விருந்து உண்டு.

விழா எதற்கென்றால், இந்தியாவுக்கு அரிசி ஏற்றிய முதல் கப்பல் இங்கிருந்து கிளம்பி ஒரு வருஷம் ஆகிறது. ஜாவாவில் புதிதாகச் சுதந்திரக் கொடி ஏற்றியிருக்கும் அரசு நமக்கு அரிசி தருவது, நம்முடைய அரசு பதிலுக்குத் துணி தருவது என்று ஏற்பாடு. இங்கே அரிசி உண்டு, கட்டத் துணி இல்லை. அங்கே தறி உண்டு, ரேஷன் கடையில் அரிசி இல்லை. இவ்வளவு எளிதான விஷயத்தை அதிகாரிகள் மாறி மாறி மேடையேறி, வெயில் உச்சிக்கு வரும்வரை பேசினார்கள். இரண்டு நாட்டு உறவும் பலப்பட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பலப்பட்டது உண்மை. ஆனால் எப்படிப் பலப்பட்டது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜவ்வரிசியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. என் அக்காள் பாவாயியைப் பற்றியும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் அர்த்தநாரி. இங்கே ஒருவருக்கும் முழுப் பெயர் வாயில் நுழையாது, ‘பாக் ஆரி’ என்பார்கள். ‘பாக்’ என்றால் ஐயா. யுத்தத்துக்கு முன்னால் சுரபாயா நகரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கெழுத வந்தேன். வந்த இடத்தில் சுமினாவைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

அந்தக் கல்யாணமே ஒரு சொல்லில் நின்றுபோகப் பார்த்தது. மலாய் மொழியில் நம்முடைய சொற்கள் நிறையக் கிடக்கின்றன. கப்பலைக் ‘கபால்’ என்பார்கள், கிடங்கைக் ‘குடாங்’ என்பார்கள், கடையைக் ‘கடாய்’ என்பதுபோல் சொல்வார்கள். எல்லாம் நம்ம சொல்தானே என்ற தைரியத்தில் சுமினாவின் அப்பாவிடம், “உங்கள் பெண் கழுத்தில் தாலி கட்டப்போகிறேன்” என்று மலாயில் பெருமையாகச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். இவர்கள் மொழியில் ‘தாலி’ என்றால் வெறும் கயிறு, ஆட்டையும் மாட்டையும் கட்டுகிற கயிறு. அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே பெண், ரத்னா. யுத்தத்தில் பிறந்தவள். என்னை ‘அப்பா’ என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ‘அபா’ என்றால் ‘என்ன?’ என்று அர்த்தம். தெருவில் அவள் “அப்பா!” என்று கத்தினால் பக்கத்து வீட்டுப் பெண்கள், “ஒன்றுமில்லை, நீ விளையாடு” என்று பதில் சொல்கிறார்கள். இப்போது அவளும் சுலபமாக ‘பாக்’ என்கிறாள். பத்துத் தமிழ்ச் சொற்கள் தெரிந்தால் அதிகம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அவளை மடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது வருத்தப்பட நேரம் கிடைப்பதில்லை.

ஜப்பான்காரர்கள் இருந்த காலத்தில் துணி வரத்து அடியோடு நின்றுபோனது. இருந்த துணியெல்லாம் கிழிந்து, கிழிசலும் கிழிந்து, கடைசியில் ஊரே கோணியைக் கட்டிக்கொண்டது. சாக்குப்பையின் அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, கைகளுக்கு இரண்டு. அவ்வளவுதான் சட்டை. ஜன்னலுக்குத் திரை வைத்திருந்தவர் பெரிய மனிதர் ஆனார், ஏனென்றால் அவர் கோட்டுத் தைத்துக்கொள்ளலாம். ரத்னா உடம்பில் கோணியைத் தவிர வேறு துணி பட்டதே இல்லை. அவள் முதுகில் எப்போதும் ஒரு தடிப்பு இருந்தது. அதைத் தடவிக்கொடுக்கும்போதெல்லாம், தறிச்சத்தம் கேட்டே வளர்ந்தவன் பெற்ற பெண்ணுக்கு இந்தக் கதியா என்று எனக்கு நெஞ்சு வலிக்கும்.

அதனால்தான், முதல் கப்பலோடு சேலத்துக்குப் போய்த் துணி மாதிரி பார்த்துவர ஓர் அதிகாரி புறப்படுகிறார், தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் முதலில் போய் நின்றேன். சர்க்காருக்குக் கப்பல் கப்பலாகத் துணி வேண்டும். எனக்கு ஒரே ஒரு பாவாடைத் துணி வேண்டும்.

3

அதிகாரியின் பெயர் பாக் ஹர்ஜோ. குள்ளமான, சிரித்த முகம். அவர் கோட்டும் திரைத்துணிதான். பச்சைப் பின்னணியில் பெரிய பெரிய பூ. தோளருகே வளையம் கோத்த துளைகள்கூட அப்படியே இருந்தன. அந்தக் கோட்டோடு அவர் சென்னையில் இறங்கியதும், ஜாவாவில் பிரபுக்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் போலிருக்கிறது என்று நம்மவர்கள் கூடுதலாகவே மரியாதை கொடுத்தார்கள்.

சேலத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா என்னைக் கேட்டார்: “நீங்க இந்தியாக்காரரா, ஜாவாக்காரரா?”

“அம்மாபேட்டைங்க.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லையே” என்றார். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனவர் சாப்பாட்டு நேரம் கழிந்துதான் வந்தார்.

கடைத்தெருவில் இன்னும் வேடிக்கை. துணிக்கும் ரேஷன் கார்டாம். என்னிடம் கார்டு ஏது? கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இரண்டு நாட்டுச் சர்க்கார் முத்திரையும் பையில் இருக்கிறது, மூட்டை மூட்டையாகத் துணிக்குப் பேச வந்திருக்கிறேன், என் மகளுக்கு ஒரு கெஜம் வாங்க வழியில்லை. சிரிப்பதா, கடைக்காரர் சட்டையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

இனி ஒரே வழிதான். பாவாயி அக்காள். அவள் வாக்கப்பட்டது வெண்ணந்தூரில். அக்காள் வீட்டுக்காரர் செங்கோடனிடம் சொந்தத் தறிகள் உண்டு, அவர் சொன்னால் ஊரில் மற்ற தறிக்காரர்களும் கேட்பார்கள். சர்க்கார் காரியத்துக்கும் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் நான் சுமினாவைக் கட்டிக்கொண்ட சேதி தெரிந்த நாளிலிருந்து அக்காள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ராசிபுரத்தில் எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாளாம்.

4

பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் போனோம். மல்லூர் மேட்டில் பஸ் மூச்சுவாங்கி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பாக் ஹர்ஜோ பூப்போட்ட கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவரும் தோள் கொடுத்தார். “எங்கள் ஊரிலும் இப்படித்தான்” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அக்காள் வாசலில் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

“வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. கொங்குப் பக்கம் போயிராதவர்களுக்கு இது புரியாது. அந்த மண்ணில் மண்வெட்டி கேட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் கேட்பார்கள். ஆனால் அக்காள் தம்பியிடம் போடமாட்டாள். தம்பிக்கு ‘வாடா’தான், ‘ஏஞ்சாமி’தான். என்னைத் தூக்கி வளர்த்தவள் எனக்கு மூன்று ‘ங்க’ போட்டால், நீ எனக்கு யாரோ என்று அர்த்தம். கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால் தேவலை. பாக் ஹர்ஜோ என் காதில், “உங்கள் அக்காள் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள்! சத்தத்திலேயே தெரிகிறது” என்றார்.

செங்கோடன் மச்சான் தறிக்காரர்களை வரச் சொல்லியிருந்தார். வீட்டை ஒட்டி ஒரு பெரிய கொட்டகை. களத்தில் வெள்ளை வெளேரென்று எதையோ காயப்போட்டிருந்தார்கள், கண் கூசியது. யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றபோது, மச்சான் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவெடுத்து, துணியில் தூளி கட்டி ஆட்டி மணியாக உருட்டி, ஜவ்வரிசி செய்யப் பழகியிருந்தார். வெளிநாட்டுச் சரக்கு வராததால் நல்ல கிராக்கி. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அதுதான் சோறு போட்டதாம். நான் வெகுநாள் ஊரில் இல்லாதவன், இதெல்லாம் புதிது. ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

பாக் ஹர்ஜோ எழுந்து தம் மொழியில் பேசினார், நான் கணீரென்று தமிழில் சொன்னேன்: “எங்கள் அரசு உங்களுக்கு ஜாவா அரிசி தரப்போகிறது. கப்பல் கப்பலாக வரும். உங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேரும். பதிலுக்கு நீங்கள் துணி நெய்து தர வேண்டும்.”

ஒரு கை தட்டல் இல்லை. முகங்கள் சுண்டிப்போயின.

மச்சான் எழுந்தார். “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க நாட்டு அரிசி எங்களுக்கு வேண்டாமுங்க.”

நான் திடுக்கிட்டு மொழிபெயர்த்தேன். பாக் ஹர்ஜோவும் திடுக்கிட்டார். “இங்கே பஞ்சம் என்றார்களே?”

அதைத் தமிழில் கேட்டேன். மச்சான், “பஞ்சந்தானுங்க. அரை வயித்துக்குக் குடிச்சுக்கிட்டு இருந்துக்கறோமுங்க. உங்க அரிசி மட்டும் வந்துதுன்னா நாங்க தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போகோணும்” என்றார். பின்னாலிருந்தவர்கள் “ஆமாங்க, ஆமாங்க” என்றார்கள்.

பாக் ஹர்ஜோவின் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு மானமுள்ள மக்கள்! பசியோடு இருந்தாலும் இருப்பார்களே தவிர, இன்னொருவர் அரிசிக்குக் கை நீட்ட மாட்டார்கள். இவர்களுக்கு இரண்டு மடங்காகத் தருவோம் என்று சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். கொட்டகையில் கூச்சல் கிளம்பிவிட்டது. ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். மச்சான் என்னைப் பார்த்து, “மச்சான், உங்களுக்கு எம்மேல என்ன கோவமுங்க? அக்கா பேசலீன்னா அதுக்கு எம் பொழப்புலயா மண்ணப் போடோணும்?” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணி போயிற்று என்பது மட்டும் விளங்கியது. கோணிக்குள் இருக்கும் ரத்னாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

5

வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்பதால், சண்டைக்கு நடுவிலும் அக்காள் எல்லோருக்கும் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். வெல்லம் போட்ட பாயசம். பாக் ஹர்ஜோ ஒரு வாய் குடித்தார், முகம் மலர்ந்தது. தம்ளருக்குள் விரலைக் காட்டி, “இந்த முத்துக்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?” என்றார்.

“ஜவ்வரிசி” என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி: அந்தக் காலத்தில் ஜாவாவிலிருந்து கப்பலில் வந்த ஜாவா அரிசிதான் வாயில் தேய்ந்து ஜவ்வரிசி ஆகிவிட்டதாம். சரியோ தப்போ, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒருவன்தான் பத்து வருஷம் கடல் தாண்டி இருந்ததில் மறந்துபோயிருந்தேன். களம் நிறைய ஜவ்வரிசியைக் காயப்போட்டு வைத்திருப்பவர்களிடம் போய், இனி ஜாவா அரிசி கப்பல் கப்பலாக வரும், வீடு வீடாக வரும், வேண்டாம் என்றால் இரண்டு மடங்கு வரும் என்று மிரட்டியிருக்கிறேன்!

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க அதிகமானது. பாக் ஹர்ஜோவுக்கு மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “எங்கள் தீவில் ஒருவனும் இதை ஜாவா அரிசி என்று சொல்லமாட்டானே! யுத்தத்துக்குப் பிறகு இன்றுதான் நான் இதைக் கண்ணாலேயே பார்க்கிறேன்” என்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து, மாதிரிக்கென்று கொண்டுவந்திருந்த அரிசியைத் தட்டில் கொட்டினார்.

மச்சான் கிட்டே வந்து பார்த்தார். அக்காள் இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

“இது நெசமான அரிசிங்க!” என்றாள் எல்லோரையும் பார்த்து. பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, “பச்சரிசி. புழுங்கல் இல்லீங்களா?” என்றாள்.

துண்டை உதறிக்கொண்டு போனவர் திரும்பி வந்துவிட்டார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மச்சானுக்கு வியாபார புத்தி உடனே முளைத்துவிட்டது. “அப்ப ஜாவாவுல ஜவ்வரிசி கெடைக்கறதில்லீங்களா? என்ன வெல போகுமுங்க?” என்று பாக் ஹர்ஜோவை ஓரங்கட்டப் பார்த்தார். கட்டம் போட்ட கைலி நெய்து தருவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாதிரிக்கென்று சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டை நறுக்கி, சர்க்கார் முத்திரையும் குத்தி, பாக் ஹர்ஜோவின் கையில் கொடுத்தார்கள்.

அப்போது யாரோ, துணிக்கு அப்படியென்ன அவசரம் என்று கேட்டார்கள். பாக் ஹர்ஜோ கோட்டில் வளையத் துளைகளைக் காட்டி விவரம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் கோணி கட்டுகிற இடம் வந்ததும் என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

அக்காள் புருஷனிடம் சொன்னாள்: “வந்தவங்க ஊட்டுல கொழந்த குட்டி இருக்குதான்னு கேளுங்க.”

“ஒரு பெண். ரத்னா” என்றேன் நானே.

“ரத்தினமா?” வாயில் நுழையாத பேராக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, “அந்தக் கொழந்த என்னுங்க கட்டிக்குது?” என்றாள்.

“கோணிதான்” என்றேன்.

“ஏன்டா!” என்றாள்.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. “ஏன்டா, என்ற தம்பி பொண்ணுக்கா கோணி? நம்மூட்டுப் பொண்ணுக்கா? நீ என்னத்தடா பண்ணிக்கிட்டு இருந்த அங்க? ஒரு காயிதம் போட்டிருந்தா நான் கடல்ல எறங்கி நடந்தாச்சும் கொண்டாந்து குடுத்திருக்கமாட்டனாடா, சாமி!” கையை ஓங்கினாள். அடி விழும் என்று குனிந்தேன், அந்தக் கை என் தலையில் வந்து நின்றது. அத்தனை பேர் முன்னிலையிலும் அழுதேன். எத்தனை ‘டா’ போட்டாள் என்று எண்ணவில்லை, ஒவ்வொன்றும் இனித்தது.

பாக் ஹர்ஜோ பதறிப்போய், “என்ன, திட்டுகிறார்களா? ஒப்பந்தம் முறிந்துவிட்டதா?” என்றார்.

“இல்லை ஐயா, இப்போதுதான் ஆகியிருக்கிறது” என்றேன்.

அவர் புரிந்துகொள்வதற்குள் அக்காள் அவர் கையிலிருந்த சிவப்புத் துண்டை, முத்திரையும் கித்திரையுமாக, உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அது இரண்டு நாட்டுச் சர்க்காருக்கும் காட்ட வேண்டிய மாதிரி. பாக் ஹர்ஜோ பேனாவை எடுத்தார். “மாதிரி பார்த்தாகிவிட்டது, திருப்தி என்று எழுதிக்கொள்கிறேன்” என்றார். நல்ல மனிதர்.

கிளம்பும்போது அக்காள் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். “நீ பிரிக்காத. அவகிட்டக் குடு” என்றாள். சுமினாவைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

6

பாவாடையைப் போட்டதும் ரத்னா சந்தோஷத்தில் குதிப்பாள் என்று கப்பல் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு கையாலும் உடம்பை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். எங்கேயும் குத்தவில்லை, எங்கேயும் கனக்கவில்லை, அதனால் தன் மேல் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட்டாள். “அம்மா, வெட்கமாக இருக்கிறது, என் சாக்கைக் கொடு” என்று கதறினாள். ஒரு வாரம் பாவாடைக்கு மேல் கோணியைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்கினாள். அப்புறம் ஒரு நாள் அவளாகவே கோணியை மூலையில் போட்டுவிட்டாள்.

சுமினாவுக்கு வேறு சந்தேகம். பாவாடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, “உன் அக்காளுக்குத் தைக்கத் தெரியாதா? இவ்வளவு துணியை உள்ளே மடித்து மடித்துத் தைத்து வீணாக்கியிருக்கிறாரே” என்றாள்.

நான் சொன்னேன்: “வீண் இல்லை. எங்கள் ஊரில் பெண் குழந்தைக்கு அப்படித்தான் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட வேண்டும்.”

சுமினா மடிப்புகளை விரலால் எண்ணிப் பார்த்தாள். யுத்தம் தொடங்கியதிலிருந்து நாங்கள் மறுநாளைக்கு அப்பால் எதையும் யோசித்ததில்லை. தெருவில் எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் வளரவே இல்லை. “அப்படியானால், இவள் வளருவாள் என்று அவர் நினைத்திருக்கிறார்” என்றாள். பிறகு பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

நேற்று விழாவுக்குக் கிளம்பும்போது பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. சுமினா உட்கார்ந்து முதல் மடிப்பைப் பிரித்தாள். மேல் துணி வெயிலிலும் துவையலிலும் வெளுத்துவிட்டது. மடிப்புக்குள் இருந்த பட்டை மட்டும் தறியிலிருந்து இறங்கிய அன்றைய சிவப்பாகவே இருந்தது. ரத்னா குனிந்து பார்த்தாள். “இது எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டாள். “அத்தை வைத்தது” என்றேன், ‘அத்தை’ என்பதை மட்டும் தமிழில்.

மேடையில் அதிகாரிகள் உறவு பலப்பட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிடங்கு வாசலில் ரத்னா பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அந்தச் சிவப்புப் பட்டையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“இது என் அத்தை.”